பயத்தோடு போனோம் கோவைக்கு

கோயம்புத்தூர் என்றதும் நம் பெண்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? சிறுவாணித் தண்ணீர், கோரா காட்டன் புடவை, மாவாட்டும் கிரைண்டர், சாம்பாரில் மிதக்கும் இட்லி! இப்போது அந்த வரிசையில் ஆஸ்பத்திரியும் சேர்ந்துவிட்டது. 1888-ல் முதல் நூற்பாலை தொடங்கிய ஊர் இது. இன்று அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் கையில் ஸ்கேன் கவர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் பக்கத்திலேயே இருப்பதால் மலையாளம் பேசுகிறவர்களும் ஏராளம்.

நானும் என் தங்கையும் தஞ்சாவூரிலிருந்து போனதும் அப்படி ஒரு வைத்திய யாத்திரைதான். தங்கைக்கு வயது 38, இரண்டு குழந்தைகள். உயரம் 156 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. ஏழு வருஷமாகச் சர்க்கரை. இரவில் குறட்டை திடீரென்று நின்று, மூச்சும் நின்று, பிறகு திணறிக்கொண்டு எழுந்து உட்காருவாள். கொள்ளுக் கஞ்சி, நடை, பட்டினி எல்லாம் பார்த்தாயிற்று. பத்து கிலோ குறையும். பன்னிரண்டு கிலோ ஏறும். கடைசியில், இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை எடுத்துவிடும் ஆபரேஷனைப் பற்றி விசாரித்து வரும்படி உள்ளூர் டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மயிலாடுதுறையிலிருந்து கோவை போகும் ஜன சதாப்தியில் ஏறினோம். தஞ்சாவூரிலிருந்து சுமார் ஐந்து மணி நேரப் பயணம். திருச்சி தாண்டியதும் வலப்பக்க ஜன்னலில் காவிரியும் வாழைத் தோட்டமும் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டே கூட வரும். குளித்தலையை நெருங்கும்போது இடப்பக்கம் அய்யர்மலை தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அந்த ஆயிரத்துச் சொச்சம் படிகளையும் நிற்காமல் ஏறியவள் என் தங்கை. இப்போது எங்கள் வீட்டு மாடிக்குப் போக நடுவில் ஒரு தடவை உட்காருகிறாள். மலையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இதப் படிச்சுப் பாரு. ராத்திரி தூக்கம் வராம எழுதி வெச்சது."

ஆபரேஷனில் வரக்கூடிய அபூர்வமான சிக்கல்கள் வரிசையாக இருந்தன. தையல் போட்ட இடத்தில் கசிவு. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வது. ரத்தப்போக்கு. பி1 வைட்டமின் குறைந்து மூளை பாதிக்கப்படுவது. அடுத்த பக்கத்தில், 2024 ஏப்ரலில் சென்னைக்கு அருகே எடை குறைக்கும் ஆபரேஷனுக்காகச் சேர்ந்த ஓர் இளைஞர் இறந்துபோய், அரசு விசாரணை வரை போன செய்தி. கீழே சின்ன எழுத்தில், "பாப்பாவுக்கு ஆறு வயசு" என்று எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்த பிறகு எனக்குக் காவிரி கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு பெண்மணி; ஐம்பது வயதிருக்கும். நோட்டைப் பார்த்ததும் சிரிக்கவும் இல்லை, "இதெல்லாம் படிக்காதீங்க" என்று சொல்லவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"அபூர்வம்னா வராதுன்னு அர்த்தம் இல்லைங்க. எப்ப வரும், எப்படித் தெரியும், வந்தா என்ன செய்யணும்? இந்த மூணையும் பக்கத்துல எழுதிக்கிட்டு அப்புறம் பயப்படுங்க" என்றார்.

பிறகு கணக்குச் சொன்னார். அமெரிக்காவில் 4,776 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். பெரிய சிக்கல் ஏதாவது வந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேருக்குச் சற்று மேல். அதற்குப் பிறகு முறைகள் இன்னும் தேறியிருக்கின்றன. தையல் கசிவு நூற்றில் ஒருவருக்கு, பல இடங்களில் அதற்கும் குறைவு.

"இதுக்கு எதிர்ப்பக்கக் கணக்கும் இருக்குங்க. சுவீடன்ல 1987-ல ஆரம்பிச்ச நீண்ட ஆய்வோட முடிவு 2007-ல வந்தது. ஆபரேஷன் செய்துகிட்டவங்க பக்கம்தான் மரணம் குறைவா இருந்துச்சு. ஆபரேஷன் வேண்டாம்னு வீட்டுக்குப் போனாலும், சர்க்கரையும் குறட்டையும் உங்க கூடவேதான் வரும்."

அந்த அமெரிக்க ஆய்விலேயே, தூக்கத்தில் மூச்சு நிற்கும் வியாதி உள்ளவர்களுக்கும், முன்பே ரத்தம் உறைந்தவர்களுக்கும், நடமாட்டம் குறைந்தவர்களுக்கும் சிக்கல் அதிகம் என்று தெரிந்ததாம். முதல் விஷயம் தங்கைக்கு அப்படியே பொருந்தியது! அதனால் தேதி குறிக்கும் முன்பே தூக்கப் பரிசோதனை. மூச்சுக் கருவியை வைத்துக்கொண்டு தூங்கிப் பழக வேண்டும். தினமும் நடை. கடைசி இரண்டு வாரம் ஈரல் சுருங்குவதற்காகக் குறைந்த மாவுச்சத்து உணவு.

நோட்டின் ஓரத்தில் நான் எழுதிக்கொண்டவை இவை. கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். வலிக்கும் காய்ச்சலுக்கும் முன்னால் நாடித் துடிப்பே காட்டிக்கொடுக்கலாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் நிமிஷத்துக்கு 120-ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க ஊசி உண்டு. ஆபரேஷன் ஆன அன்றே எழுந்து நடக்க வைப்பார்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ உடனே ஓட வேண்டும். நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் பி1 ஊசி அவசியம். பார்வை இரட்டையாகத் தெரிவதும் நடை தள்ளாடுவதும் அதன் அடையாளம். அப்போது அவசரத்துக்கு எந்த டாக்டரிடம் போனாலும், "வயிற்றில் இந்த ஆபரேஷன் ஆகியிருக்கிறது; குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 கொடுங்கள்" என்று நாமே சொல்ல வேண்டும்.

"டாக்டர், நாலு நாள்ல ஊருக்குப் போயிடலாமா? பெரியவனுக்குப் பரீட்சை இருக்கு" என்றாள் தங்கை.

டாக்டர் யோசித்தார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பிடுவோம். ஆனா நீங்க சொல்ற கசிவு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா, அஞ்சு மணி நேரத் தூரத்துல இருப்பீங்க. ஒரு ரெண்டு வாரம் இங்கேயே பக்கத்துல இருக்க முடியுமான்னு பாருங்க."

எந்தப் புத்தகத்திலும் நாங்கள் பார்க்காத விஷயம் இது! அன்று பிற்பகல் அறை தேடிக் கிளம்பினோம். அவிநாசி ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளில், நோயாளிகளின் குடும்பங்களுக்கென்றே அடுப்பும் பாத்திரமும் வைத்த சின்னச் சின்ன அறைகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மூன்றாவது வீட்டுக்கார அம்மா எங்களைப் பார்த்ததுமே, "மாடி வேண்டாங் கண்ணு, கீழயே இருங்க. கஞ்சி வடிகட்ட மெல்லிசு துணி நான் தர்றேன்" என்றார். அவர் வீட்டில் தங்கிப்போன நோயாளிகளுக்குக் கணக்கே இல்லை. வாசலில் ஆட்டோ ஸ்டாண்டு. ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம். தங்கை அறையைப் பார்க்கவில்லை. வாசல்படியில் நின்று, ஆஸ்பத்திரி இருக்கும் திசையையே பார்த்தாள். முகத்தில் இரண்டு நாளாக இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் அவிநாசி ரோடு தண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். தண்டு என்றால் படை முகாம். திப்பு சுல்தான் காலத்தில் இங்கே தங்கியிருந்த படைவீரர்களை அம்மை நோயிலிருந்து அம்மன் காப்பாற்றினாள் என்று கதை. வேப்பிலை வாசனையில் தங்கை வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். மறுநாள் காலை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில், கோவைக்கே உரிய அந்தக் குளிர்ந்த காற்றில் மெதுவாக நடந்தோம். நடுவில் மூன்று தடவை உட்கார்ந்தோம். அதனாலென்ன, நடந்தோம்! அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு தட்டு சாம்பார் இட்லி. "இனிமே இது அவ்வளவுதானாக்கா?" என்று கேட்டாள். "டாக்டர் சொன்னாங்கல்ல, முதல்ல நீர் ஆகாரம், அப்புறம் மசிச்சது, அப்புறம்தான் மிருதுவா. சில வாரம் போனா அரை இட்லி சாப்பிடலாம்" என்றேன். "அரை இட்லிக்கு ரெண்டு கரண்டி சாம்பாரா?" என்று அவள் சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்படி யோசனையில் இருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பயத்தை நோட்டில் எழுதி டாக்டரிடம் எடுத்துப் போங்கள். இந்த ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா, இரவில் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, சிக்கல் வந்தால் ஆகும் செலவை இன்ஷூரன்ஸ் ஏற்குமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேள்விக்குக் கோபித்துக்கொள்ளும் இடமென்றால் வேறு இடம் பாருங்கள்.

அபூர்வமான சிக்கலைப் பார்த்துப் பயந்து, சர்வசாதாரணமானதைக் கோட்டை விடாதீர்கள். வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுசு முழுக்க வேண்டும். புரதம் தினமும் 60 கிராமாவது சேர வேண்டும். மூன்று நாலு மாதத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். குழந்தை பெற நினைக்கும் இளம் பெண்கள் ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால் அதற்கான ஏற்பாட்டையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கப் பரிசோதனை முடிந்து, மூச்சுக் கருவியும் பழகிவிட்டது. தேதியும் குறித்தாயிற்று. இதை எழுதும்போது இன்னும் ஒன்பது நாள் பாக்கி. பெரியவன் பரீட்சைக்குப் பாட்டி வந்து இருக்கிறாள். கோவை அறைக்கு முன்பணம் அனுப்பியாகிவிட்டது. தங்கை இப்போது சாயங்காலம் தோறும் வாசலில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணப் பழகிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாப்பா நிமிஷம் சொல்கிறாள்.