மதகுக்கும் 16, வானத்துக்கும் 16!

மேட்டூருக்குப் போகிறவர்கள் அணையைப் பார்ப்பார்கள், பூங்காவைப் பார்ப்பார்கள், பிறகு பொரித்த மீனைப் பார்த்துவிட்டு முதல் இரண்டையும் மறந்துவிடுவார்கள். அடியேனும் அந்த ரகம்தான்.

இந்தத் தடவை மாமனார் விடவில்லை. மீன் தட்டும் கையுமாக என்னை நிறுத்தி, "மாப்ளே, வடமேற்கு மூலையைப் பாருங்க" என்றார். பார்த்தேன். கண் சிமிட்டாத வெளிச்சம் ஒன்று கிளம்பி, விறுவிறுவென்று உச்சிக்கு வந்து, பாதி வானத்தில் மறைந்தது. சர்வதேச விண்வெளி நிலையமாம்! 400 கிலோமீட்டர் உயரம், மணிக்கு 28 ஆயிரம் கிலோமீட்டர் வேகம். உலகைச் சுற்ற ஒன்றரை மணி நேரம். சேலத்திலிருந்து நான் வந்த பஸ்ஸுக்கும் அதே ஒன்றரை மணி நேரம்தான் பிடித்தது!

"அங்கே ஒரு நாளைக்கு 16 தடவை விடியுமுங்க. நம்ம மதகுக்கும் 16 கண்ணு!" மாமனாருக்கு ஏகப் பெருமை.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? "மேலே ஏழு பேர். கீழே எத்தனை பேருக்குச் சம்பளம்?" என்று விசாரிக்கத் தொடங்கினேன். ஹூஸ்டனிலும் மாஸ்கோ பக்கத்திலும் இரவு பகலாக ஷிப்ட். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனிக் கட்டுப்பாட்டு அறை. ஓர் ஊரின் தலைக்கு மேல் நிலையம் இருப்பதே பத்து நிமிஷம். அதனால் அது இன்னும் உயரத்தில், 36 ஆயிரம் கிலோமீட்டரில் உள்ள செயற்கைக்கோளிடம் சொல்ல, அது நியூ மெக்ஸிகோ பாலைவனத்து ஆன்டெனாவுக்கோ குவாம் தீவுக்கோ இறக்க, அங்கிருந்து ஹூஸ்டனுக்குப் போகிறது சேதி. 2017-ல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மிதந்தபோது, ஊழியர்கள் அங்கேயே கட்டில் போட்டுப் படுத்து வேலை பார்த்தார்கள். 2000 நவம்பர் முதல் நிலையத்தில் ஆள் இல்லாத நாள் இல்லை. கீழே நாற்காலி காலியான நாளும் இல்லை. 2025-ல் அங்கே போய்வந்த சுபான்ஷு சுக்லாவை நமக்குத் தெரியும். நாற்காலிக்காரர் ஒருவர் பெயராவது தெரியுமா?

மாமனார் சிரித்தார். அணையில் லஸ்கராக இருந்தவர். வெள்ளம் வந்தால் வீட்டுக்கு வராமல் மதகடியிலேயே படுத்தவர்.

"ஜூன் 12-ல தண்ணி திறந்தா, பூ தூவறவங்க போட்டோவுல வருவாங்க. தஞ்சாவூர்ல நாத்து நட்டவங்க யாரும் என்னைப் பார்த்ததில்லை. நானும் அந்த வயலைப் பார்த்ததில்லீங்க, மாப்ளே."

மீன் ஆறிப்போயிற்று. அடுத்த மாதம் அவருக்குத் தஞ்சாவூர் டிக்கெட். செலவு என் கணக்கில்!