கணுவில் உட்கார்ந்த பூ

பத்துமலையில் கொம்யூட்டர் ரயிலைவிட்டு இறங்கினால் கண் தானாக மேலே போகும். 140 அடி முருகன் வேறெங்கே பார்க்க விடுவார்? அன்று எனக்குத் தரையில்தான் வேலை. மலைக்குப் பின்னால், உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் ஒரு கீரைத் தோட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு கட்ட முடியாத இப்படிப்பட்ட நிலங்களில்தான் கீரை இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

தோட்டத்து அக்கா ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். போனதும் பரீட்சை வைத்தார். இரண்டு தண்டுகளை நீட்டி, “எது பொன்னாங்கண்ணி தம்பி?” என்றார். இரண்டிலும் இலைகள் எதிரெதிரே. இரண்டிலும் வெள்ளைப் பூ. தைரியமாக ஒன்றைத் தொட்டேன்.

“அது கரிசலாங்கண்ணி. தடவிப் பாருங்கலா!”

இலை சொரசொரத்தது. கசக்கியதும் விரல் கறுத்தது. பூவுக்கு நீளக் காம்பு வேறு இருந்தது. மற்றதில் இலை வழுவழுப்பு. பூவோ காம்பே இல்லாமல், இலை புறப்படும் கணுவிலேயே குட்டிப் பஞ்சுருண்டைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அல்டெர்நாந்தெரா செசிலிஸ் என்ற அறிவியல் பெயரில் ‘செசிலிஸ்’ என்பதற்குக் காம்பின்றி அமர்ந்தது என்றே பொருள். பூவை நெருடினால் காகிதம்போலச் சரசரக்கும். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் இதன் சொந்தக்காரர்கள் அல்லவா!

சிக்கல் என்னவென்றால், பூத்த கீரையை யாரும் வாங்குவதில்லை. தண்டு முற்றிவிட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆக, சந்தைக்கு வரும் கட்டில் அடையாளம் இருக்காது. வாங்குகிறவர் விற்கிறவரை நம்ப வேண்டியதுதான்.

அந்த நம்பிக்கை ஆஸ்திரேலியாவில் ஒருமுறை சறுக்கியது. அங்கே குடியேறிய இலங்கையர் பலர், ஊரில் சிங்களவர் முக்குணுவென்ன என்றும் தமிழர் பொன்னாங்காணி என்றும் சொல்லும் கீரை என்று நினைத்து, தென்னமெரிக்காவிலிருந்து பரவிய முதலைக்களையை வீட்டுக் கொல்லைகளில் வளர்த்துச் சமைத்தும் வந்தார்கள். நீர்நிலைகளை மூடிவிடும் பொல்லாத களை அது. 1990களில் இது தெரியவந்ததும் விக்டோரியா மாநில அதிகாரிகள் செடிகளை அப்புறப்படுத்தி, பொன்னாங்கண்ணிக்கு நெருங்கிய உள்ளூர்ச் செடி ஒன்றை மாற்றாகக் கொடுத்தார்கள். களையில் பூங்கொத்து காம்பின்மேல் நிமிர்ந்து நிற்கும். தண்டும் உள்ளே குழலாக இருக்கும். பூக்கும்வரை பொறுத்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

நடவு சுலபம். விதை தேடி அலைய வேண்டாம். நான்கு கணு உள்ள தண்டைக் கிள்ளி, அடியிலை உருவி, இரண்டு கணுவை மண்ணுக்குள் விடுகிறார் அக்கா. ஒரு வாரத்தில் வேர் பிடிக்கும், ஒன்றரை மாதத்தில் முதல் அறுப்பு. பிறகு தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் மாலை மழை அடித்தால் சேறு தெறித்து இலை கெடுகிறது என்று மேட்டுப்பாத்தி போட்டு, மேலே கறுப்பு வலை கட்டியிருக்கிறார். சாக்கடையோரம் தானாக வளர்வதைப் பறிக்கவே கூடாதாம்: “அது குடிக்கிற தண்ணியைத்தானே நாம சாப்பிடுறோம்?”

பக்கத்துப் பாத்தியில் சிவப்பு இலை. சீமைப் பொன்னாங்கண்ணி. கடல் கடந்து வந்த வேறொரு செடி அது. “ஆளுங்க இதைத்தான் கேட்கிறாங்க, கலர் இருக்குல்ல,” என்றார், கொஞ்சம் கசப்போடு. பச்சையைப் பருப்பும் தேங்காயும் போட்டுக் கூட்டு வைத்தால் சிவப்பு பக்கத்தில் வராது என்பது என் கட்சியும்.

வங்காளதேசத்துத் தம்பி ஒருவர் குத்தவைத்தபடியே அறுத்துக்கொண்டு நகர்ந்தார். அக்கா களை பொறுக்கி, நுனிகளைச் சமமாகத் தட்டி, ரப்பர் வளையம் போட்டார். பேசிக்கொண்டேதான். கட்டுக்கு இரண்டு வெள்ளி. இடுப்பு வலியை அவர்கள் சொல்லவில்லை; எழுந்து நிற்க எடுத்துக்கொண்ட நேரத்தில் தெரிந்தது.

ஓரத்து வரிசையை மட்டும் அறுக்காமல் பூக்க விட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன்.

“அது தாய் வரிசை. நடுறதுக்குத் தண்டு அதுலதான் எடுப்பேன். பூவைப் பார்த்துட்டுத்தான் கிள்ளுவேன்.”

அதிலிருந்து நான்கு தண்டுகளைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். என் அடுக்குமாடி வீட்டு மாடத்துத் தொட்டியில் மூன்றை ஒருமுறை அறுத்துக் கூட்டு வைத்தாயிற்று. நான்காவதன் கணுவில் நேற்று ஒரு வெள்ளைப் புள்ளி.