நாற்பது பக்க நோட்டு

போன மாதம் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அடியில் அந்த நோட்டு கிடைத்தது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. மேலட்டை இல்லை; ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ‘1500 மீ.’ என்று தலைப்பு, கீழே தேதியும் நேரமும். ஓடியவன் என் நண்பன். கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைத்தது நான். பெட்டியை அப்படியே போட்டுவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். அன்று வேறு வேலை ஓடவில்லை.

சிக்கலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாகப்பட்டினம் கூப்பிடு தூரம். 2004-ல் நாங்கள் பிளஸ் டூ. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் சுற்றுக்கு 200 மீட்டர்தான் தேறும். 1500 மீட்டருக்கு ஏழரைச் சுற்று. வெறுங்காலில்தான் ஓடுவான். முதல் நான்கு சுற்றும் யாரையும் பார்க்க மாட்டான். ஐந்தாவது சுற்றில் புங்கமரத்து வளைவில் வரும்போது என் பக்கம் புருவத்தை உயர்த்துவான். நான் நேரத்தைக் கத்த வேண்டும். அந்த ஒரு கத்தலுக்காகவே நான் தினமும் ஐந்தரை மணிக்கு எழுந்து போனேன். அந்த வருஷம் வருவாய் மாவட்டப் போட்டியில் 4 நிமிடம் 16 விநாடியில் முதலாவதாக வந்து மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தான். எங்கள் பள்ளியிலிருந்து ஓட்டத்தில் அதற்குமுன் யாரும் போனதில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்திலும் இருவரும் சேர்ந்திருந்தோம். கோனார்க் தேர்ச் சக்கரம் போட்ட பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு சனிக்கிழமைகளில் கோயில் குளத்தில் ஆகாயத்தாமரை அள்ளுவோம். கரையில் குவித்ததும் நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். அவன் மட்டும் டிராக்டர் வந்து அதை ஏற்றும்வரை நிற்பான். “கரையில கெடந்தா அடுத்த மழைக்குத் திரும்ப உள்ளதான்டா போவும்” என்பான். எந்த வேலையையும் அதன் கடைசிவரை பார்க்கிற குணம். ஓட்டத்திலிருந்து அவனுக்கு அது வந்ததா, அதிலிருந்துதான் ஓட்டமே வந்ததா என்று நான் யோசித்ததுண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாகை கடற்கரை மணலில் ஓடுவது வழக்கம். டிசம்பர் 26 அன்று என் சைக்கிள் பஞ்சர். ஒட்டிக்கொண்டு கிளம்ப ஒன்பதாகிவிட்டது. காலை ஆறரை மணிக்கே சுமத்ரா பக்கத்தில் கடலடித் தரை பிளந்திருந்தது. எங்களுக்கு என்ன தெரியும். ஊருக்குள் நுழையும்போதே எதிரே சனம் ஓடிவந்தது. “கடல் வந்துட்டு, ஓடுங்க, ஓடுங்க.” ஈரத் துணியோடு, செருப்பில்லாமல், இடுப்பில் யார் வீட்டுப் பிள்ளையையோ தூக்கிக்கொண்டு. சைக்கிள் கேரியரில் ஆளுக்கொரு வயதான அம்மாவை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அவன் இறக்கிவிட்டுவிட்டு மறுபடி போனான். நானும் போனேன்.

நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பேச்சு நின்றுவிடும். அக்கரைப்பேட்டைப் பாலத்தடியில் விசைப்படகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்ததை நான் பார்த்தேன். அதற்குமேல் பார்த்ததை எழுத எனக்குக் கை வராது.

முதல் மூன்று நாளும் ஊரெங்கும் ஒரே கேள்விதான்: எங்க வீட்டு ஆளைப் பார்த்தீங்களா? தாய் ஒரு கல்யாண மண்டபத்தில், பிள்ளை ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில், தகப்பன் எங்கே என்றே தெரியாது. எல்லார் கையிலும் செல்போன் வராத காலம். நாங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மண்டபத்தில் ஒரு ஆயா, போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திப் பேத்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவன் என் பையிலிருந்து இந்த நோட்டை உருவினான். நடுப்பக்கத்தைத் திறந்தான். “பேரு சொல்லுங்க ஆயா. அப்பா பேரு? என்ன கவுன் போட்டிருந்திச்சு?” அரை மணியில் பக்கம் நிறைந்துவிட்டது. நோட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினான்.

சைக்கிள் போக வழியில்லை. தெருவெல்லாம் சேறு, உடைந்த பலகை, வலை. அடுத்த மண்டபத்துக்கு ஓடி, வாசலில் நின்று பெயர்களை உரக்கப் படிப்பான். அங்கே சொல்கிற பெயர்களை எழுதிக்கொண்டு அதற்கடுத்த இடம். காலையிலிருந்து இருட்டும்வரை இதே. இப்போது அந்தப் பக்கங்களைத் திறந்தால் எழுத்தெல்லாம் கோணலாக, சில இடத்தில் ஈரம்பட்டுக் கரைந்து இருக்கிறது. பெயர்களை இங்கே எழுத மாட்டேன். ஒரு பக்கத்தில் இருபத்து மூன்று பெயர். டிக் போட்டவை ஒன்பது. அந்தப் பேத்தியின் பெயருக்கு நேரே டிக் இருக்கிறது. அந்த மூன்று நாள் ஓட்டத்துக்கு மட்டும் நான் நேரம் பார்க்கவில்லை.

பக்கத்தைத் திருப்பினால் பாய், குடம், பால் பவுடர் கணக்கு. வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து தெருவோரம் கொட்டிக் கிடந்தது. முந்தின வாரம்வரை சொந்தப் படகு வைத்திருந்த வீட்டுக்காரர்கள் அதைத் தொடவில்லை. இவன் அதில் உட்கார்ந்து நல்லதாக இருந்த குழந்தைத் துணிகளை மட்டும் பொறுக்கி, துவைத்துக் காயவைத்து, மடித்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டார்கள்.

30-ஆம் தேதி வியாழக்கிழமை, மறுபடி அலை வருகிறது என்றொரு எச்சரிக்கை பரவியது. வரவில்லை; ஆனால் வந்ததைப் போலவே ஊர் ஓடியது. அந்த நெரிசலில் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியபோது அவன் வலது குதிகாலைச் சேற்றுக்குள் கிடந்த தகரம் கிழித்தது. குழந்தையை ஒப்படைத்துவிட்டுத்தான் காலைப் பார்த்தான். தையல் போட்டு, டிடி ஊசி போட்டார்கள். சேற்றுப் புண் சும்மா விடுமா? சீழ் வைத்து, தையலைப் பிரித்து, மறுபடி கட்டி, மாநிலப் போட்டி நடந்தபோது அவன் கம்பை ஊன்றி நின்றான். பி.டி. சார் வீட்டுக்கு வந்தார். கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “காலப் பாத்துக்கடான்னு சொன்னேனேடா” என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது அவரால்.

நான் பார்க்க அவன் அழுதது அன்று இரவுதான். மறுநாள் என்னைச் சைக்கிளில் முகாமுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னான். பிறகு தார் அட்டைக் குடியிருப்புகள் எழுந்தபோது அங்கேயும் போனான். பகலில் உள்ளே கால் வைக்க முடியாத வெக்கை. சாயங்காலம் பிள்ளைகளை வெளியே கூட்டி, வரிசைகளுக்கு நடுவில் கோடு கிழித்து, கம்பை உயர்த்தி “ரெடி” என்பான். கடல் சத்தம் கேட்டாலே அம்மாவின் புடவைக்குள் போன பிள்ளைகள் அவன் கம்புக்குக் கட்டுப்பட்டு ஓடினார்கள். யார் ஜெயித்தது என்று அவன் சொல்லவே மாட்டான். எல்லாரும் கோட்டைத் தாண்டும்வரை கம்பை இறக்கவும் மாட்டான்.

நோட்டில் 1500 மீட்டர் கணக்கு 2005 ஜூனில் மறுபடி தொடங்குகிறது. 4.41. 4.35. 4.31. குதிகால் விறைத்துப்போய் காலை ஒருச்சாய்த்துத்தான் ஊன்ற முடிந்தது. புங்கமரத்து வளைவில் முன்போலவே புருவத்தை உயர்த்துவான். அந்த எண்ணைக் கத்த எனக்குத் தொண்டை அடைக்கும். அவனோ, “சத்தமாச் சொல்லுடா, காதுல விழல” என்பான். மாநிலப் போட்டியில் ஓடியிருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம் கேட்டிருக்கலாம். கையில் இருந்த மாவட்டச் சான்றிதழ் அதற்குப் போதவில்லை. ஐடிஐயில் ஃபிட்டர் படித்தான். முகாமில் அவன் செய்ததற்குச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம் என்று நான் சொன்னபோது, “அந்த ஆயாகிட்டயா போயி கேக்குறது?” என்றான். எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை. ஓடி முடித்த கோட்டை மட்டும் கணக்கில் எடுக்கிற முறை அவனுக்கு அநியாயம் செய்தது.

கடைசிப் பதிவு 2006 பிப்ரவரி 11. 4.22. பழைய 4.16-ஐ அவன் மறுபடி தொடவில்லை. அந்த மைதானத்தின் பாதியில் இப்போது கட்டடம் நிற்கிறது, புங்கமரமும் இல்லை.

அவன் திருப்பூரில் இருக்கிறான். நோட்டு கிடைத்த அன்று ராத்திரி போன் செய்தேன். நேரத்தைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. “அந்தப் பேரு எழுதுன பக்கம் இருக்கா?” என்றான். இருக்கு என்றேன். கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டான். வருகிற டிசம்பர் 26 அன்று நேரில் வந்து வாங்கிக்கொள்கிறானாம்.