அம்மா நோட்டு

அம்மாவுக்கு சுகருக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு ஒருத்தர், முட்டிக்கு இன்னொருத்தர்.
மூணு ஃபைல்.
மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல.

முட்டிக்குத் தர்ற வலி மாத்திரை பிரஷரை ஏத்திவிடும்னு பிரஷர் டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது.

இப்போ எல்லாம் ஒரே நோட்டுல. என்ன மாத்திரை, எந்த வேளை, யார் எழுதினது, எதுக்கு.
ஆபீஸ்ல நான் எக்செல் புலி. வீட்டுல கோடு போட்ட நோட்டுதான் ஜெயிச்சுது.

முதல் பக்கத்துல 'இலக்கு: மூணு மாச சுகர் 7-க்குக் கீழ'ன்னு எழுதிவெச்சேன்.
அம்மா அதை அடிச்சுட்டு, 'திருவண்ணாமலை கிரிவலம்'னு எழுதிட்டா.
14 கிலோமீட்டர். இந்த முட்டியோட!

மூணு டாக்டர்கிட்டயும் அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல காட்டப்போறேன்.

அரசோட ஆபா (ABHA) ஹெல்த் அட்டையிலயும் 14 இலக்கம் இருக்கு. ரிப்போர்ட் எல்லாம் அதுல சேருமாம், சரி.
கிரிவலத்துக்கு அதுல எங்கங்க கட்டம் இருக்கு?