படமும் சுருக்கமும்

நூலுக்குரிய பத்தழகுகளை எண்ணப் புகுந்த பவணந்தி முனிவர் சுருக்கத்தை முதற்கண் வைத்து, விளக்கத்தை அதனையடுத்து வைத்தார். குற்றங்களை எண்ணுமிடத்தோ குன்றக் கூறலை முதலிலும், மிகைபடக் கூறலை அதன் பின்னும் நிறுத்தினார். அவ்விதிகள் ஏட்டுக்கேயன்றி, இணையக் கடையில் வைக்கப்படும் படத்துக்கும் பொருந்துமென்பதே யாம் ஈண்டுக் கூற விழைவது.

எம் சிற்றன்னையார் ஆவடியில் தம் இல்லத்திலிருந்தே சேலை வாணிகம் செய்பவர். அவ்வருவாய் கொண்டே இரு பிள்ளைகளைப் படிப்பிக்கின்றார். ஈராண்டுகளுக்கு முன் இணையத்திலும் ஒரு சிறு கடை திறந்தார். சேலைகள் நல்லன, விலையும் நேரியது, ஆயினும் கடைக்கு வந்தோர் நின்றிலர். ஒருநாள் மாலை புறநகர் வண்டியில் அவரில்லம் செல்லுங்கால், அக்கடையை எம் கைப்பேசியில் திறந்தோம். அம்பத்தூரில் திறந்த பக்கம் திருமுல்லைவாயில் கடந்து அண்ணனூர் வந்த பின்னரும் நிரம்பிற்றில்லை.

காரணம் ஆராயப் புகுந்தோம். கைப்பேசியால் எடுத்த ஒவ்வொரு படமும் அகலத்தில் 3000, உயரத்தில் 4000 புள்ளிகள் உடையதாயிருந்தது. ஆக 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள். அதன் அளவு ஏறத்தாழ 4 மெகாபைட்டு. முகப்பில் 40 சேலைகள். எனவே வாங்க வந்தோர் வாயிலிலேயே 160 மெகாபைட்டைச் சுமக்க நேர்ந்தது. அது காட்டப்படும் இடமோ உள்ளங்கையளவு! இதுவன்றோ மிகைபடக் கூறல்?

அகலத்தை 750 ஆகவும், உயரத்தை 1000 ஆகவும் குறைப்பின் புள்ளிகள் பதினாறில் ஒரு பங்காகும். எஞ்சியவற்றை மேலும் சுருக்குவது ஜேபெக் என்னும் முறை. 1992-இல் தரமாக வகுக்கப்பட்ட அம்முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகளுடைய கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றனையும் மெல்ல மாறும் அலைகளாகவும் விரைந்து மாறும் அலைகளாகவும் பிரிக்கின்றது. மக்கட்கண் ஒளிவேறுபாட்டை நுணுகியறிவது போல நிறவேறுபாட்டை அறியாது. மிக நுண்ணிய அலைகளையும் பெரிதும் பொருட்படுத்தாது. ஆதலின் கண் வேண்டாதவற்றையே அம்முறை முதலில் விலக்குகின்றது.

இதற்கு அடிப்படையாகிய கணிதத்தை 1974-இல் வெளியிட்டோர் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்னும் மூவர். நசீர் அகமது பெங்களூரிற் பிறந்தவர். ராவ் 1952-இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பட்டம் பெற்றவர். 1972-இல் நசீர் அகமது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் இவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டியபோது அது மறுக்கப்பட்டது. ஆயினும் அவர் முயற்சியைக் கைவிட்டிலர். இன்று உலகெங்கும் செல்லும் படங்களுட் பெரும்பாலன அம்முயற்சியின் பயனே.

யாம் ஒரு காஞ்சிப் பட்டின் படத்தைத் தர அளவு 100-இலிருந்து படிப்படியாகக் குறைத்துச் சிற்றன்னையார்க்குக் காட்டினோம். 75-இல் அவர் யாதொரு வேறுபாடும் கண்டிலர். 30-இல் ஜரிகைக் கரை கலங்கிச் சிறு சதுரங்களாய்த் தோன்றிற்று. ஜரிகையின் நுண்ணிழையும் விரைந்து மாறும் அலையே. அதனால் மிகச் சுருக்குங்கால் முதலில் அழிவது அதுவே. அவர் தலையசைத்து, "ஜரிகையைப் பார்த்துத்தானப்பா பணம் தருகிறார்கள்; அதை மறைத்துவிட்டுப் படம் சீக்கிரம் வந்து என்ன பயன்?" என்றார். குன்றக் கூறலுக்கு இதனினும் சிறந்த உரை யாம் கேட்டதில்லை.

இறுதியில் 75 என்னும் அளவே கொள்ளப்பட்டது. படமொன்று ஏறத்தாழ 100 கிலோபைட்டாயிற்று. முகப்பு முழுவதும் 4 மெகாபைட்டில் அடங்கிற்று. கீழுள்ள படங்கள் வாங்குவோர் விரலால் தள்ளி வரும்போதே இறங்குமாறும் அமைத்தோம். ஜரிகையை நெருங்கிக் காண விழைவார்க்குப் பெரிய படம் தனியே வைக்கப்பட்டது. இப்பொழுது வருவோர் நின்று நோக்குகின்றனர். சிலர் வாங்கவும் செய்கின்றனர்.

மாணவ அன்பர்காள்! நம் சொல்லைக் கேட்போரும் தத்தம் காலத்தையும் பொருளையும் செலவிட்டே கேட்கின்றனர். அவர்மீது வீண் சுமை ஏற்றாதிருப்போமாக. சுமை குறைக்கும் ஆர்வத்தால் பொருளின் ஜரிகையை அழித்துவிடாமலும் இருப்போமாக.