ஜாயிண்ட் கிராஸ்

பாலக்கோட்டில் நான் மெக்கானிக். பதினாலு வயசில் ஸ்பேனரைப் பிடித்தேன். இப்போது ஐம்பத்தெட்டு ஆகிறது. இந்தப் பக்கம் ஓடின அம்பாசடர்களில் பாதிக்காவது அடியில் நான் படுத்திருப்பேன். காரில் உட்கார்ந்து போனவர்கள் எழுதினது தமிழில் நிறைய இருக்கிறது. அடியில் படுத்தவன் எழுதினதை நான் படித்ததில்லை. அதனால்தான் இது.

எங்கள் தாத்தா தோல் வேலை செய்தவர். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில், சாலுக்குத் தோலில் தும்பி தைத்துக் கொடுப்பார். தும்பி கிழிந்தால் தண்ணீர் பாதி வழியிலேயே கிணற்றுக்குள் கொட்டிவிடும், வயல் காயும். அவர் தைத்த தையலில்தான் ராகியும் நெல்லும் விளைந்தன. கூலி என்று களத்தில் தானியம் அளந்து போடுவார்கள். அவர் தைத்த தும்பி கிணற்றில் நாளெல்லாம் இறங்கி ஏறும். அவர் மட்டும் கிணற்றுப் படியில் கால் வைக்கக் கூடாது.

கரண்ட் மோட்டார் வந்தது. கவலை போச்சு, தும்பியும் போச்சு. தொழிலைத்தான் எடுத்துக்கொண்டார்கள், பட்டப்பேரை எங்களிடமே விட்டுவிட்டார்கள். அப்பா கரும்பு வெட்டப் போனார். என்னை ஒரு கார் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். "கையில கரி படட்டும் சாமி, பையன் பொழைச்சிக்குவான்" என்று கும்பிட்டுச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தப் பட்டறையில் நாலு வருஷம் இருந்தேன். ஜாக்கி போடுவது, சேறு சுரண்டுவது, மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவது எல்லாம் என் வேலை. சாமானைப் பூட்டுகிற நேரம் வந்தால் மேஸ்திரி, "போய் டீ வாங்கியாடா" என்பார். எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர். எனக்கு மட்டும் கொட்டகைத் தூணில் ஒரு அலுமினிய டம்ளர் தொங்கும். டம்ளரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பூட்டும்போது விரட்டிவிட்டதைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கழற்றுவதற்கு நாம் வேண்டும், பூட்டுகிற வித்தை நமக்குத் தெரியக் கூடாது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே தட்டுத்தட்டாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இலேயே எழுதிவிட்டார். அதை நான் படித்தது ரொம்ப நாள் கழித்து. படித்ததும் அந்தத் தூணும் டம்ளரும்தான் கண்ணில் வந்தன.

எனக்குப் பூட்டக் கற்றுக் கொடுத்தது தர்மபுரியில் ஒரு லாரி மெக்கானிக் பாய். என் டம்ளரில் மிச்சமிருந்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு, "வாடா, கிராஸ் போடலாம்" என்றார். அவர் சொன்னதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். வித்தையை ஒளிக்கிறவனுக்கு நானும் கூட்டாளியாகக் கூடாது.

அம்பாசடரில் இன்ஜின் முன்னால், ஓட்டுகிற சக்கரம் பின்னால். கியர்பாக்ஸ் பாடியோடு நிற்கும். பின் ஆக்சில் பட்டைத் தகட்டு ஸ்பிரிங்கில் தொங்குவதால் பள்ளம் மேட்டுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். நடுவில் சுற்றுகிற தண்டுதான் புரப்பல்லர் ஷாஃப்ட். ஒரு பக்கம் நிலையாய், ஒரு பக்கம் ஆடிக்கொண்டே இருந்தால் நேர்த்தண்டு முறிந்துபோகும். அதனால் இரண்டு முனையிலும் யுனிவர்சல் ஜாயிண்ட். பட்டறையில் நாங்கள் ஜாயிண்ட் கிராஸ் என்போம். கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு, அதன் நாலு காலுக்கும் நாலு கப், கப்புக்குள் ஊசி ஊசியாய் நீடில் பேரிங். இந்த ஏற்பாட்டுக்கு 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிக்காரர் கார்டானோ பேரும், 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர் ராபர்ட் ஹூக் பேரும் சொல்கிறார்கள்.

கிராஸ் தேய்ந்தால் வண்டியே சொல்லிவிடும். கிளட்ச் விட்டதும் அடியில் 'டக்' என்று ஒரு அடி. ஆக்சிலேட்டரை விட்டுப் பிடித்தால் மறுபடியும் 'டக்'. வேகத்தில் பாடி முழுக்க அதிரும். சேறும் தண்ணீரும் புகுந்து கிரீஸ் வற்றினால் நீடில் உட்கார்ந்த இடத்திலேயே காலில் கோடு கோடாய்ப் பள்ளம் விழும். சும்மா விட்டால் ஓடும்போதே கிராஸ் உடையும். முன்பக்கம் விட்டுப்போனால் தண்டு ரோட்டில் குத்தி வண்டியைத் தூக்கி எறிந்துவிடும். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தப் பிள்ளையும் அடியில் போகக் கூடாது. கழற்றுவதற்கு முன்னால் தண்டிலும் பின் பிளாஞ்சிலும் உளியால் ஒரு கோடு, ஸ்பிளைன் சேருகிற இடத்தில் ஒரு கோடு. ஒரு ஜாயிண்ட் சாய்வாய்ச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் வேகம் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனை ஜாயிண்ட் சரிக்கட்டுகிறது. இரண்டு முனை யோக்கும் ஒரே நேரில் இருந்தால்தான் சரிக்கட்டும். ஸ்பிளைனில் பல் மாறிவிட்டால் புதுக் கிராஸ் போட்டும் வண்டி அதிரும். மேஸ்திரி என்னை டீ வாங்க அனுப்பியது இந்தக் கோட்டை மறைக்கத்தான்.

பிறகு பின் பிளாஞ்ச் போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை இறக்கி வைஸில் வைக்க வேண்டும். யோக்கைத் துடைத்து நாலு சர்க்ளிப்பையும் எடுக்க வேண்டும். கப்பைவிடச் சின்ன பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று ஒரு பக்கம், கப் நுழைகிற அளவு பெரியது ஒன்று மறுபக்கம் வைத்து வைஸை இறுக்கினால் கப் தானே வெளியே வரும். புதுக் கப்பில் கிரீஸ் தடவி நீடில்களை வட்டமாய் நிற்க வைத்து மெதுவாய் உள்ளே தள்ள வேண்டும். சர்க்ளிப் காடியில் உட்காரவில்லை என்றால் உள்ளே ஒரு நீடில் படுத்துவிட்டது என்று அர்த்தம். சுத்தியால் அடிக்கக் கூடாது. வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். கடைசியில் யோக்கை லேசாய்த் தட்டிவிட்டுக் கையால் ஆட்டிப் பார்த்தால் ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது. கிரீஸ் நிப்பிள், கன் எட்டுகிற பக்கமாய் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. இதுக்கா நாலு வருஷம் டீ வாங்கினேன்!

அம்பாசடர் எங்கள் சேரிக்கு எப்போதெல்லாம் வந்தது என்று யோசிக்கிறேன். ஓட்டுக் கேட்க வந்தது. கலவரம் நடந்தால் சிவப்பு விளக்கோடு அதிகாரி வந்தது. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியிலிருந்து 2014 மே வரைக்கும் செய்த வண்டி அது. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டின் அச்சு. வெள்ளைக்காரன் வண்டியை விட்டுப் போனான். அதில் நம்ம ஆள்களே ஏறி உட்கார்ந்து, கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்கள். சிவப்பு விளக்கை 2017-இல் எடுத்துவிட்டார்கள். தாழை எடுத்ததாய்த் தெரியவில்லை.

உற்பத்தி நின்றபின் அம்பாசடருக்குப் புது மவுசு. கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய வண்டியைப் பூவால் சோடித்து வாடகைக்கு விடுகிறார்கள். ஊர்த்தெருக்காரர் ஒருவர் வெள்ளை அம்பாசடர் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் கிராஸ் போய் 'டக்டக்'கென்று என்னிடம் வந்தது. எட்டுக் கப்பும் மாற்றினேன். மாரண்டஅள்ளி ரோட்டில் ஓட்டிக் காட்டினேன். "புதுசு மாதிரி இருக்குதுப்பா" என்றார். அடுத்த மாசம் என் மகள் கல்யாணம். வாடகைக்கு அந்த வண்டியைக் கேட்டேன், மற்றவர்கள் கொடுக்கிற அதே வாடகை.

"அந்தத் தெருவுக்குள்ள வண்டி வராதுப்பா. தப்பா நெனைச்சுக்காத" என்றார்.

"சார், அந்தத் தெருக்காரன் போட்ட கிராஸ்லதான் சார் வண்டி ஓடுது" என்றேன். கூலியை எண்ணி ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் எடுத்துக்கொண்டதும் கிளம்பினார். மகள் வேனில் போனாள், சந்தோஷமாய்த்தான் போனாள். எனக்குத்தான் ஆறவில்லை.

இரும்புக்குச் சாதி இல்லை என்று மேடையில் பேசுகிறார்கள். இருக்கட்டும். இரும்பைத் தொடுகிற கைக்கு இருக்கிறதே! 2012 நவம்பர் 7-ஆம் தேதி நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். நான் போய்ப் பார்த்தேன். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்ச் சேர்த்து வாங்கின மோட்டார் சைக்கிள்கள் எலும்புக்கூடாய்க் கிடந்தன. வேறு என்னென்னவோ கிடந்தாலும் என் கண் அதில்தான் நின்றது. நாம் வண்டியைக் கழுவினால் பொறுத்துக்கொள்கிறார்கள். ஏறி ஓட்டினால் எரிகிறது அவர்களுக்கு.

ஊருக்குள் நான் வாடகைக்கு இருந்த இடத்தைப் பிறகு காலி செய்யச் சொன்னார்கள். காலனி முனையில் என் சொந்த இடத்தில் கொட்டகை போட்டேன். யாரும் வரமாட்டார்கள் என்று வீட்டில் பயந்தார்கள். வருகிறார்கள். தக்காளி ஏற்றுகிற வேன், ஜீப், லாரி எல்லாம் வருகிறது. எந்தத் தெருவுக்கு வண்டி வராது என்றார்களோ அந்தத் தெருவில்தான் இப்போது வரிசை நிற்கிறது. அந்த வெள்ளை அம்பாசடர் மட்டும் வரவில்லை.

என்னிடம் இப்போது இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பெண் பாலிடெக்னிக் படிக்கிறாள், லீவு நாளில் வருவாள். போன வாரம் ஒரு ஜீப்புக்கு அவளே கிராஸ் போட்டாள். ஒரு நீடில் படுத்துக்கொண்டது. யாரும் சொல்லாமலேயே கப்பை வெளியே எடுத்து நிமிர்த்தி வைத்தாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர்தான். பூட்டுகிற நேரத்தில் யாரையும் டீ வாங்க அனுப்புவதில்லை. டீக்கடைக்கு நானே போகிறேன். இதைப் படிக்கிற தோழர்கள் பட்டறை வேலை பழக விரும்புகிற பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். உளி எடுத்துக் கோடு போடுவதில் இருந்து ஆரம்பிக்கலாம்.