அப்பனுக்கு இல்லை, பிள்ளைக்கு உண்டு

மேச்சேரிக்குப் பக்கத்துல தாரமங்கலம். அங்கே பவளத்தானூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. 2021-ல் 'அகதி முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' ஆக்கினாங்க. பேர்தான் மாறிச்சு!

வெளிநாட்டுக்காரர் முறைப்படி வந்து 12 வருஷம் இருந்தா குடியுரிமை கேட்கலாம். குண்டுக்குப் பயந்து படகேறினவரிடம் பாஸ்போர்ட் ஏது, விசா ஏது? சட்டத்துக்கு அவர் 'சட்டவிரோதக் குடியேறி'. 30 வருஷம் இருந்தாலும் மனு போட வழியில்லை. 2019 திருத்தத்திலும் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிஞ்சவங்களுக்குத் தண்டனை மட்டும் கிடையாதுன்னு 2025-ல் சொன்னாங்க.

ஒரே ஒரு சந்து: 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இங்கே பிறந்தவங்க பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தரச்சொல்லி மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது இதை வச்சுத்தான். அதே முகாமில் 1988-ல் பிறந்த குழந்தைக்கு?